மேல்வீட்டுக் காற்று மெத்தை

எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இரவு ஒன்பது மணியளவில் ஒரு சத்தம் கேட்கும். காலால் மிதித்துக் காற்றடிக்கும் பம்பின் சத்தம். நாற்பது, ஐம்பது மிதி, பிறகு அமைதி. 2022 ஏப்ரலில் உக்ரைனின் கார்கிவ் நகரத்திலிருந்து எட்டு வயது மகனோடு வந்த பெண் அங்கே இருக்கிறார். பையன் படுப்பது காற்று மெத்தையில். அதில் எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. விடியும்போது பாதி இறங்கிவிடும், இரவு மறுபடி அடிக்க வேண்டும்.

எங்கள் கெல்லரில், அதாவது நிலவறையில், மகளின் பழைய கட்டில் கிடந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று என் மனைவி கேட்டாள். "வேண்டாம், கோடையில் போய்விடுவோம்" என்றார் அவர். அடுத்த வருடம் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். கோடையில் போய்விடுவோம்.

நான் வற்புறுத்தவில்லை. நானும் அப்படி இருந்தவன்.

1993 மார்ச்சில் இலங்கையில் இருந்து ஜேர்மனிக்கு வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. ரூர் பகுதியில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தை அகதிகளின் ஹைம், அதாவது விடுதி, ஆக்கியிருந்தார்கள். ஒரு அறையில் ஆறு பேர். கேஸ் நிராகரிக்கப்பட்டு, கையில் டுல்டுங் தந்தார்கள். அதை விசா என்று சொல்ல முடியாது. இப்போதைக்கு உன்னைத் திருப்பி அனுப்பவில்லை என்கிற கடதாசி, அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் முத்திரை குத்திக்கொண்டு வர வேண்டும். அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. மொழி வகுப்பும் கிடையாது. ஆனால் வகுப்பு இருந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். அடுத்த வருடம் சண்டை முடிந்துவிடும், ஊருக்குப் போகப் போகிறவனுக்கு டொச் மொழி எதற்கு? அறையில் இருந்த ஆறு பேரும் இதைத்தான் கதைத்தோம். 1994இல் சமாதானம் கொண்டுவருவேன் என்று சொல்லிச் சந்திரிகா குமாரதுங்க இலங்கைத் தேர்தலில் வென்றபோது எங்களில் ஒருவர் ஊருக்குப் போகப் பெட்டியே வாங்கிவிட்டார்.

1995 ஏப்ரலில் பேச்சு முறிந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் வெளிக்கிட்டது. மழைக்குள், இருட்டுக்குள், அடி அடியாக நகர்ந்த அந்தக் கூட்டத்தோடு அம்மாவும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார். அம்மாவின் கடிதம் கொழும்பு வழியாக என் கைக்கு வந்தபோது இங்கே நத்தார் முடிந்துவிட்டது. அந்தப் போருக்குக் கொழும்பு வைத்த பெயர் "சமாதானத்துக்கான யுத்தம்".

சண்டை இன்ன நாளில் முடியும் என்று சொல்லும் இந்தக் கெடுக்களின் கதை எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோதே தொடங்கிவிட்டது. 1979 ஜூலையில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன, பிரிகேடியர் திஸ்ஸ வீரதுங்கவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். அந்த வருடம் டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிட வேண்டும் என்பது கட்டளை. அதே மாதம் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று போட்டிருந்தார்கள். மூன்று வருடத்துக்கு என்றார்கள். 1982இல் நிரந்தரமாக்கினார்கள். ஆயுதம் தூக்கியவர்கள் அப்போது மிகச் சிலர். அவர்களைத் தேடிப் போய் அள்ளிய பெடியன்களின் வீடுகளில் இருந்துதான் அடுத்த தொகை புறப்பட்டது.

பிறகு 1987 ஜூலை 29. இந்திய இலங்கை ஒப்பந்தம். சண்டை நின்று 72 மணி நேரத்துக்குள் ஆயுதங்கள் ஒப்படைக்கப்படும் என்று எழுதியிருந்தது. இந்தியப் படைக்கு நாங்கள் மாலை போட்டோம், நானும் வீதியோரம் நின்று கையசைத்தேன். ஒக்டோபரில் அதே படையோடு சண்டை தொடங்கியது. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் போனபோது அவர்களில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்திருந்தார்கள். எங்கள் சனத்தை யார் எண்ணினார்கள்?

இவ்வளவு வருடம் யோசித்து எனக்குப் புரிந்தது இது. தலைவர்கள் சொல்லும் திகதியை நாங்கள் கணக்கு என்று நம்புகிறோம். அவர்களுக்கு அது எங்களிடம் சம்மதம் வாங்கும் வழி. ஆறு மாதம் என்றால் தாய் பிள்ளையை விடுவாள், வியாபாரி காசு கொடுப்பார், பாராளுமன்றம் கை தூக்கும். இருபத்தாறு வருடம் என்று 1983இல் யாராவது சொல்லியிருந்தால் எந்தப் பக்கத்தில் யார் சம்மதித்திருப்பார்கள்? ஒருமுறை சம்மதம் கொடுத்த பிறகு, கெடு தவறினாலும் அதைத் திரும்ப வாங்க முடிவதில்லை. ஏன் முடிவதில்லை என்பதை நான் இந்த ஊரில்தான் பார்த்தேன்.

வேலைக்குப் போகும் வழியில், தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. முதலாம் உலகப் போரில் இறந்த இந்த ஊர் ஆண்களின் பெயர்கள், வருடவாரியாக. 1914க்குக் கீழே சின்னப் பட்டியல். 1915, 1916 என்று போகப் போக எழுத்து நெருக்கமாகிறது. 1918க்கு வரும்போது கல்லில் இடம் போதாமல் எழுத்தையே சிறிதாக்கியிருக்கிறார்கள். வந்த புதிதில் அதைக் கடக்கும்போது எனக்கு அது வெறும் கல். டொச் வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் நின்று பார்த்தேன். ஒரே குடும்பப் பெயர் நான்கு இடத்தில் வருகிறது.

1914 ஓகஸ்டில் போருக்குப் புறப்பட்ட படையினரிடம், மரத்தில் இலை உதிருமுன் வீடு திரும்பிவிடுவீர்கள் என்று ஜேர்மன் பேரரசர் கைசர் வில்ஹெல்ம் சொன்னதாக இங்கே சொல்வார்கள். ஆறு வாரத்தில் பிரான்சை வீழ்த்துவது என்பதுதான் தளபதிகள் வைத்திருந்த திட்டம். செப்டம்பரில் மார்ன் ஆற்றங்கரையில் அது நின்றுபோனது. அதற்குப் பிறகு நான்கு இலையுதிர்காலம் வந்து போனது. ஏறத்தாழ 20 லட்சம் ஜேர்மன் படையினர் திரும்பவில்லை. கல்லுக்குப் பின்னால் நிற்கும் லிண்டன் மரம் ஒவ்வொரு ஒக்டோபரிலும் மஞ்சளாகக் கொட்டும். மாநகரசபை ஆட்கள் வந்து இலையைக் கூட்டி அள்ளும்போது எனக்கு அந்த வாக்குறுதிதான் ஞாபகம் வரும்.

எங்கள் நகர அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இரும்பால் செய்த பைக்கடிகாரச் சங்கிலி இருக்கிறது. கறுப்பு நிறம், சாதாரண வேலைப்பாடு. போருக்காக வீட்டுத் தங்கத்தைக் கொடுத்தவர்களுக்கு அரசு திருப்பித் தந்தது அது. மகளின் வகுப்போடு துணைக்குப் போன நான் அதற்கு முன்னால் நின்றுவிட்டேன். எனக்கு ஞாபகம் வந்தது அம்மாவின் காப்பு. எங்கள் பக்கத்தில் புலிகள் குடும்பத்துக்கு இரண்டு பவுன் கேட்டார்கள். அம்மா ஒரு சோடிக் காப்பைக் கழற்றிக் கொடுத்தார். பற்றுச்சீட்டு ஒன்று தந்தார்கள். அதை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள், என் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருந்தார்.

தங்கத்தைக் கொடுத்தவர்கள் போர் பிழை என்று சொல்வது கடினம். சொன்னால் கொடுத்தது வீண். பிள்ளையைக் கொடுத்தவர்களுக்கு அது இன்னும் எத்தனை மடங்கு. இந்த ஊர்க்காரர்கள் போர்க் கடன் பத்திரங்கள் வாங்கினார்கள், அரசு அவற்றை ஒன்பது முறை வெளியிட்டது. வென்ற பிறகு எதிரியிடம் கறந்து அடைக்கலாம் என்ற நினைப்பில் அரசு வாங்கிய கடன். ஆகவே வெல்லாமல் நிறுத்தினால் நாடே வங்குரோத்து. 1917 ஜூலையில் நிலம் பிடிக்காத ஒரு சமாதானம் வேண்டுமென்று பாராளுமன்றமே தீர்மானம் போட்டது. படைத் தலைமை அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இவ்வளவு பேர் செத்த பிறகு வெறுங்கையோடு நிறுத்துவதா என்று கேட்டார்கள். இதே கேள்வியை நான் யாழ்ப்பாணத்தில் கேட்டிருக்கிறேன். கொழும்பில் சிங்களத்தில் கேட்டவர்களும் இருந்தார்கள். செத்தவர்கள் கூடக் கூட நிறுத்துவதற்கான விலையும் கூடிக்கொண்டே போகிறது.

ஒரு பக்கம் களைத்து விழும்போதெல்லாம் யாரோ வந்து தாங்கிப் பிடிப்பதும் நடந்தது. 1987இல் யாழ்ப்பாணத்தின் வடமராட்சி அரச படையிடம் விழுந்தபோது ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் வந்து உணவுப் பொதி போட்டன. 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் புலிகளிடம் விழுந்து யாழ்ப்பாணமும் போய்விடும் என்ற நிலை வந்தபோது, கொழும்பு அவசரமாகப் பல்குழல் ரொக்கட்டுகள் வாங்கியது. சமரசம் பேசியவர்களுக்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கவில்லை. அந்த ஓகஸ்டில் புதிய அரசியலமைப்பு வரைபைப் பாராளுமன்றத்துக்குள்ளேயே எரித்தார்கள். எங்கள் பக்கத்தில் பாதி வழியில் நிற்போம் என்றவருக்குத் துரோகி என்று பெயர்.

2003இல்தான் ஊருக்குப் போக முடிந்தது. போர் நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்து, எனக்கும் ஒருவழியாக வதிவிட உரிமை கிடைத்திருந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி நடந்து, மறுபடி பஸ் ஏறினேன். புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். இந்தத் துண்டுப் பாதையைத் திறக்கத்தான் 1997 மே 13ஆம் திகதி ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கையைத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் டிசம்பர் வரை இழுத்து, திறக்காமலே கைவிட்டார்கள். பிடித்த இடங்களை 1999 நவம்பரில் சில நாட்களுக்குள் இழந்தார்கள். பஸ்ஸில் அது ஒரு மத்தியானப் பயணம். இரண்டு பக்கமும் தலையில்லாத பனைகள், கூரையில்லாத வீடுகள், சிவப்பு மண்டையோடு போட்ட கண்ணிவெடிப் பலகைகள். என் வயதில் எத்தனை பேர், இரண்டு மொழியிலும், இந்தப் பற்றைகளுக்குள் கிடக்கிறார்கள் என்று நினைத்து எனக்கு மூச்சு முட்டியது. அம்மா பிஸ்கட் தகரத்தை எடுத்துக் காட்டினார். இரண்டு இடப்பெயர்வுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு வந்த நான்தான், 2007இல் வீட்டுக்கு வந்து இது கடைசிச் சண்டை, இதோடு முடிந்துவிடும் என்று சொன்னவர்களை உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, வங்கியில் கடன் எடுத்துக் கொடுத்தேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. பெரியம்மாவின் மகன் 1996இல் போயிருந்தான். அம்மாவின் காப்பு போயிருந்தது. இப்போது கையை விரித்தால் அவர்களுக்கு என்ன மரியாதை என்று தோன்றியது. கைசரின் ஆட்களும் கொழும்பும் எங்கள் தலைமையும் கேட்ட அதே கேள்வியை, ரூர் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்து நானும் கேட்டேன். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. 40,000 வரையான பொதுமக்கள் அந்தக் கடைசி மாதங்களில் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. கடனைக் கட்டி முடிக்க எனக்கு அதற்குப் பிறகும் இரண்டு வருடம் எடுத்தது. ஒவ்வொரு மாதமும் கணக்கில் இருந்து அந்தத் தொகை கழியும் நாளில் நான் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை.

இந்த நாட்டில் நான் உண்மையாகக் குடியேறியது 2000இல் என்று சொல்வேன், வந்து ஏழு வருடம் கழித்து. மகள் பிறந்த அன்று மருத்துவச்சி என்னிடம் ஏதோ அவசரமாகக் கேட்டார், எனக்கு விளங்கவில்லை. அவர் இன்னொரு முறை கேட்டார், மெதுவாக. அப்போதும் விளங்கவில்லை. அடுத்த வாரமே மாலை வகுப்பில் பெயர் பதிந்தேன். அந்த ஏழு வருடத்தை என்னிடமிருந்து எடுத்தது "அடுத்த வருடம்" என்ற சொல்தான்.

மேல்வீட்டுப் பெண்ணின் கடதாசி என்னுடையதைவிட நல்லது. வேலை செய்யலாம், அறுநூறு மணி நேர மொழி வகுப்பு உண்டு. ஆனால் அதற்கும் கெடு உண்டு. 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் தற்காலிகப் பாதுகாப்பை ஒரு வருடத்துக்கென்று தொடங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி இப்போது 2027 மார்ச் 4 வரை வந்து நிற்கிறது. ரஷ்யா படையெடுத்தால் உக்ரைன் தலைநகர் கீவ் 72 மணி நேரத்தில் விழலாம் என்று அமெரிக்கப் படைத் தலைமை கணித்ததாகச் செய்தி வந்தது. மொஸ்கோ அதைப் போர் என்றே சொல்லவில்லை, "சிறப்பு ராணுவ நடவடிக்கை" என்றது. அப்புறம் 24 மணி நேரத்தில் நிறுத்துவேன் என்று டிரம்ப் தேர்தலில் சொன்னார். அன்றைக்கு மேல்வீட்டுப் பெண் படிக்கட்டில் நின்று அந்தச் செய்தியை எனக்குக் கைபேசியில் காட்டினார். அவருடைய கணவர் அங்கேயே இருக்கிறார், வெளியேற அனுமதி இல்லாத வயது.

கொஞ்ச நாள் கழித்து அவர் கேட்டார்: "உங்கள் போர் எத்தனை வருடம் நடந்தது?"

குறைத்துச் சொல்ல வாய் வந்தது. பிறகு உண்மையைச் சொன்னேன். இருபத்தாறு.

அவர் தலையை ஆட்டினார். ஒன்றும் சொல்லாமல் மேலே போனார். அன்றிரவும் பம்ப் சத்தம் கேட்டது. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று மனைவியிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

2025 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவராகவே வந்து கதவைத் தட்டினார். கட்டில் இன்னும் இருக்கிறதா? நானும் அவருமாகக் கெல்லரில் இருந்து பலகைகளை ஒவ்வொன்றாக நான்கு மாடி தூக்கினோம். மகளுக்கு ஆறு வயதில் வாங்கிய கட்டில், ஆணி எல்லாம் ஒரு பழைய ஜாம் போத்தலுக்குள் கிடந்தது. பையன் திருகுசாவியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் டொச்சில் கதைத்தான், என் டொச்சைவிடச் சுத்தமாக. பூட்டி முடித்ததும் ஏறிப் படுத்துப் பார்த்தான். அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது ஆகப்போகிறது. கால் பெருவிரல் இரண்டும் கீழ்ப் பலகையைத் தொட்டன.

அவர் குனிந்து பார்த்தார். "பரவாயில்லை," என்றார், "ஒரு வருடத்துக்குப் போதும்."