பதினேழு கம்பங்கள்

இன்று சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில், அந்த 17 புக்குமணி கம்பங்கள் முன்னால், இறந்தவர்களுக்காகக் கல்லறையில் நடும் மரக் கம்பங்கள் முன்னால், ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

1958இல் வட ஆஸ்திரேலியாவின் மெல்வில் தீவில் வாழும் திவி பழங்குடிக் கலைஞர்கள் செதுக்கியவை. வெள்ளைக் களிமண், கரி, மஞ்சள் காவி. அந்த மஞ்சளையே நெருப்பில் வாட்டினால் சிவப்பு.

ஒரு கம்பத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாக. திவி மக்கள் மரச்சீப்பின் பற்களைக் காவியில் தோய்த்து ஒற்றுவார்களாம்.

புக்குமணி எனும் இறுதிச் சடங்கில் உறவினர்கள் உடம்பெல்லாம் காவி பூசிக்கொள்வது, இறந்தவரின் ஆவி தங்களை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்றுதான். அவ்வளவு பாசம், அவ்வளவு பயமும்.

அப்புறம் கல்லறையைச் சுற்றி நட்ட கம்பங்களை மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிடுவார்கள், மக்கிப் போகட்டும் என்று.

அப்பாவின் சட்டை ஒன்றை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறேன்.