டி குறி இரண்டு முறை வரும்

மோட்டார் சைக்கிள் மெக்கானிக் ஆவதற்கு நான் எடுத்தது ஓராண்டுப் பயிற்சி. அதில் முதல் மூன்று வாரமும் கழற்றிப் போட்ட பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவினேன். அப்போது சலிப்பாக இருந்தது. கிளட்ச் தட்டு எங்கே கருகும், பிஸ்டனில் எந்தப் பக்கம் அதிகம் தேயும், பழைய கேஸ்கெட் எந்த மூலையில் கசியும் என்பதெல்லாம் அந்த மண்ணெண்ணெய்த் தட்டில் கழுவும்போதுதான் என் கண்ணில் படிந்தன என்று பிறகு புரிந்தது.

நான்காவது வாரம் ஓர் இன்ஜினின் மரையை, அதாவது போல்ட் பற்றிக்கொள்ளும் புரிகளை, கெடுத்தேன். ஆயில் மாற்றிவிட்டு, கசிந்துவிடுமோ என்ற பயத்தில், அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டை முழு பலத்தையும் கொடுத்து இறுக்கினேன். இறுகிக்கொண்டே வந்த போல்ட் சட்டென்று லேசாகச் சுழன்றது. அந்தக் கணம் வயிற்றில் ஏதோ கரைந்தது. போல்ட் எஃகு, இன்ஜின் உறை அலுமினியம். தோற்பது எப்போதும் அலுமினியம்தான். கையேட்டில் அந்தப் போல்ட்டுக்குக் குறித்திருந்த முறுக்குவிசை வெறும் 24 நியூட்டன் மீட்டர். பயிற்சியாளர் திட்டவில்லை. துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, எஃகுச் சுருள் பொருத்தும் வேலையை என்னையே செய்ய வைத்தார். அரை நாள் போனது. அதன்பின் பல நாள், முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சை வெவ்வேறு அளவில் வைத்து இறுக்கி, ஒவ்வோர் அளவும் மணிக்கட்டில் எப்படித் தெரிகிறது என்று பழகினேன்.

அடுத்தது டேப்பெட், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் வேலை. குளிர்ந்த இன்ஜினில், வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கருக்கும் அந்த வால்வின் தண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜ் தகட்டால் அளந்து சரிசெய்ய வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலான வேலை. இன்ஜினோடு சுழலும் மேக்னட் சக்கரத்தில் இருக்கும் டி குறியை உறையின் கோட்டுக்கு நேராக நிறுத்தினேன். பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அதற்குப் பொருள். கவனமாக அளந்து, நட்டை இறுக்கி, மூடியைப் பூட்டினேன். வண்டியைக் கிளப்பியதும் தலைப்பகுதியில் சுத்தியால் தட்டுவது போல ஓசை.

வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று வருவதற்குள், பிஸ்டனோடு இணைந்த கிராங்க் தண்டு இரண்டு சுற்று வந்துவிடும். ஆகவே டி குறியும் இரண்டு முறை நேராக வரும். பிஸ்டன் பெட்ரோல் கலவையை அழுத்தி முடிக்கும்போது ஒருமுறை. அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். புகை வெளியேறி முடியும்போது இன்னொருமுறை. அப்போது இரண்டு வால்வும் சற்றே திறந்திருக்கும். நான் நிறுத்தியது இரண்டாவதில். திறந்த வால்வில் இடைவெளி வைத்தால், அது மூடியதும் இடைவெளி பல மடங்காகிவிடுகிறது. பயிற்சியாளர் வந்து ராக்கரை விரலால் ஆட்டச் சொன்னார். வால்வு மூடியிருந்தால்தான் அது லேசாக ஆடும். "குறியை நம்புவதற்கு முன் இது ஆடுகிறதா என்று பார், தம்பி" என்றார். இன்றும் குறியைப் பார்த்த பிறகு ராக்கரைத் தொட்டுப் பார்க்காமல் தகட்டைக் கையில் எடுப்பதில்லை.

ஒயரிங் பாடத்தைக் கண்டு எங்களில் பாதிப் பேர் மிரண்டோம். எனக்கு அந்தப் பயம் போனது ஒரே வண்டியில். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். உடன் பயின்றவர் புது பேட்டரி போட்டுப் பார்த்தார், அதே டிக். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது, அதாவது முழு சார்ஜ். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை இன்ஜின் உடலிலும் வைத்துப் பொத்தானை அழுத்தினோம். அரை வோல்ட்டைக்கூடத் தொடக் கூடாத இடத்தில் மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரியின் மைனஸை இன்ஜின் உடலோடு இணைக்கும் எர்த் ஒயரைக் கழற்றினால் போல்ட்டின் அடியில் பச்சைக் களிம்பு. சுரண்டி இறுக்கியதும் ஸ்டார்ட்டர் சுழன்றது. பாகத்தை மாற்றிப் பார்த்துப் பழுதைத் தேடும் பழக்கத்தை நான் வெறுக்கத் தொடங்கியது அன்றுதான். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியிலும் இதே கதை: பழுதைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் ஒரு சென்சாரின் பெயரைச் சொன்னால், சென்சாரை வாங்கும் முன் அதற்குப் போகும் ஒயரை அளக்க வேண்டும்.

இறுதிச் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டி. நன்றாகக் கிளம்பும், சில நிமிடம் ஓடும், நின்றுவிடும். ஓடவிட்டு, நின்றவுடன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். பொறி நன்றாக வந்தது, ஆனால் பிளக் உலர்ந்திருந்தது. பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து உருவி ஒரு பாத்திரத்தில் விட்டேன். கம்பி போல வந்த பெட்ரோல் மெலிந்து சொட்டாகி நின்றது. டேங்க் மூடியைத் திறந்தேன். காற்று ‘உஸ்’ என்று உள்ளே போனது. குழாயில் மறுபடி பெட்ரோல். மூடியின் காற்றுத் துளையைக் களிமண்ணால் அடைத்து வைத்திருந்தார்கள்.

"ஏன் கார்புரேட்டரைக் கழற்றவில்லை?" என்று தேர்வாளர் கேட்டார்.

"பெட்ரோல் அதுவரை வந்து சேரவே இல்லையே, சார்" என்றேன்.

மெல்லிய கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்து, மூடியைப் பூட்டி, வண்டியைக் கிளப்பினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றார். இருபது நிமிடம் ஆகியும் நிற்கவில்லை.