அந்தப் பத்து நிமிடம்

1996-லிருந்து நான்கு வருடம் அதிராம்பட்டினம் கடைத்தெருவில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். நம்பர் போட்டுத் தருவது, மீட்டர் பார்த்து பில் கிழித்துக் கொடுப்பது எல்லாம் ஒரு வாரத்தில் கைவந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகள் மட்டும் கடைசிவரை எனக்குப் பழகவில்லை.

சவூதியில் வெள்ளி விடுமுறை. ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, அங்கே பகல் ஒன்றரை ஆகும்போது இங்கே நாலு மணி. இங்கிருந்து பேசினால் ஒரு நிமிடத்துக்கே ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் அங்கே வேலைக்குப் போனவர்கள்தான் கூப்பிடுவார்கள். "வீட்டுல சொல்லிடுங்க, பத்து நிமிஷத்துல திரும்ப அடிக்கிறேன்" என்று வைத்துவிடுவார்கள். கடைப் பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறப்பான்.

சவூதியின் தம்மாமில் கணவர் இருந்த ராத்தா (அக்கா) ஒருவர் வருவார். மூச்சு வாங்க உள்ளே வந்ததும் என்னிடம்தான் முதலில் கேட்பார்: "மச்சான் குரல் எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லாத்தான் பேசினாங்க ராத்தா."

அது அவருக்குப் போதாது. சளி கட்டின மாதிரி இருந்ததா, அவசரமாகப் பேசினாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒருநாள் காரணத்தையும் சொன்னார். "எங்கிட்ட பேசும்போது குரலை நல்லாயிருக்கிற மாதிரி மாத்திக்குவாங்க. உங்கிட்ட பேசுறதுதான் உள்ள குரல்."

அன்றிலிருந்து நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். அந்த ஒற்றை வரிக்குள் இருமல் இருக்கிறதா, தூக்கக் கலக்கம் தெரிகிறதா என்று கவனிப்பேன். செயற்கைக்கோள் வழியாக வரும் லைனில் நாம் கேட்டதற்குப் பதில் வர அரை நொடி பிந்தும். புதிதாகப் பேசுகிறவர்கள் அந்த இடைவெளியில் பயந்துபோய் மறுபடி பேச ஆரம்பிப்பார்கள். இரண்டு குரலும் மோதிக்கொள்ளும். ராத்தாவுக்கு அது நன்றாகப் பழகியிருந்தது. கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பேச்செல்லாம் பள்ளிக்கூட ஃபீஸ், மாமியாருக்கு மருந்து, கூரை ஒழுகுவது. ஏக்கம் என்று ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. அதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில், என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கும்போது முடிந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டாவது தடவை போன் அடிக்கவே இல்லை. அந்தி மயங்கி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாயிற்று. "லைன் கெடச்சிருக்காது" என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "என்ன சொன்னாங்கன்னு இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார். சொன்னேன். அவர் கணவர் பேசிய மாதிரியே, நிறுத்திய இடத்தில் நிறுத்திச் சொன்னேன்.

இப்போது என் மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எடுக்காது என்பதால் குரல் பதிவாக அனுப்புகிறான். எனக்கு வருவதைக் கேட்டுவிட்டு, அவன் தன் சிநேகிதனுக்கு அனுப்பியதையும் போட்டுக் காட்டச் சொல்வேன். போன வாரத்துப் பதிவில் லேசாகச் சளி கட்டியிருந்தது.