கடலுக்குப் போய் வெறுங்கையோடு

“எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள்” என்று பூங்காவின் தன்னார்வலரான ஒரு பெண்மணி, புன்னகை மாறாமல் என்னிடம் சொன்னார். அப்பாவின் உள்ளங்கையில் இருந்தது ஒரு சிப்பித் துண்டு. வெளிப்புறம் செங்கல் பொடியின் நிறம், திருப்பிப் பிடித்தால் பச்சையும் நீலமும் இளஞ்சிவப்பும் மாறி மாறி மினுங்கும், அபலோன் என்ற கடல் நத்தையின் ஓடு. தூத்துக்குடியில் பிறந்து எழுபது வயதைத் தாண்டிய மனிதரிடம், கரையில் கிடந்த சிப்பியைத் திருப்பி வைக்கும்படி இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. குனிந்து வைத்தார். நிமிரும்போது, “இந்த ஊர்ல கடலுக்கும் வீட்டுக்காரன் இருக்கானோ?” என்று கேட்டார். அந்தப் பெண்மணி விளக்கம் வேண்டி என்னைப் பார்க்க, இடம் மிக அழகாக இருப்பதாகச் சொல்கிறார் என்று சமாளித்தேன்.

கலிஃபோர்னியாவில், கார்மல் ஊருக்குச் சற்றுத் தெற்கே, ஒன்றாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் பாயின்ட் லோபோஸ் என்னும் மாநில இயற்கைக் காப்பகத்தில் இது நடந்தது. ஊரிலிருந்து பெற்றோர் வந்துவிட்டால், சான் ஹோசே பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பகல் நடைக்கு அவர்களை அழைத்துப்போகும் இடங்களில் இதுவும் ஒன்று. இந்த நாட்டின் கடற்கரை எனக்குப் பழகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். ஜூலை மாதத்திலும் குளிர்ச்சட்டை இல்லாமல் கிளம்புவதில்லை. வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்று வீட்டையே விடியற்காலையில் எழுப்பிவிடுகிறேன். மூன்று மூன்றாக இலை விட்டிருக்கும், தொட்டால் அரிக்கும் பாய்சன் ஓக் செடியைக் கண்டால், பேச்சை நிறுத்தாமலேயே மகளைப் பாதையின் நடுவுக்கு இழுத்துக்கொள்கிறேன். இவ்வளவும் கைவந்த பிறகும், சூரியன் உதிக்க வேண்டிய கடலில் அது போய் விழுகிறதே என்ற சிறு உறுத்தல் மட்டும் ஒவ்வொரு மாலையும் எழத்தான் செய்கிறது.

இங்கே சிப்பி எடுக்கக் கூடாது, கூழாங்கல் எடுக்கக் கூடாது, பைன் காயும் பூவும் எடுக்கக் கூடாது. பாதையின் ஓரக் கம்பியைத் தாண்டக் கூடாது, கடலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. சாப்பாட்டுக்கென்று சில இடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கேதான் பொட்டலத்தைப் பிரிக்கலாம். மற்றவை எல்லாவற்றையும் நான் மனமார ஏற்றுக்கொள்வேன். அம்மா பெட்டிக்குள் பத்திரமாகச் சுற்றி எடுத்துவந்து, பாதி பொடியாகிப்போன மக்ரூனைக்கூட உரிய மேசையில் உட்கார்ந்துதான் தின்றோம். ஆனால் கடலுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புவது என்பது என்ன வழக்கம்? காணும் பொங்கலன்று முயல் தீவுக்குப் போய்வந்தால், அன்றிரவு எங்கள் சட்டைப் பைகளிலிருந்து மணலும் சோழியும் உதிர்ந்து வீடெல்லாம் பரவிக் கிடக்கும். உடைந்தது எது, உயிருள்ளது எது, வெயிலில் காயவைக்காவிட்டால் நாற்றமடிக்கப்போவது எது என்பதை அம்மாவின் திட்டிலிருந்தே கற்றுக்கொண்டோம். என் மகளோ நத்தைகளின் அறிவியல் பெயர்களைச் சொல்லுவாள். கடற்கரையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குள் நடப்பவளாக நடக்கிறாள்.

சைப்ரஸ் தோப்பைச் சுற்றிவரும் பாதை எல்லாரும் புகழ்வதற்குத் தகுந்ததுதான். மான்டரி சைப்ரஸ் மரம் இயற்கையாக வளரும் இடங்கள் உலகத்திலேயே இரண்டுதான், அவற்றில் ஒன்று இது. பட்ட கிளைகளில் யாரோ காவி பூசியிருக்கிறார்கள் என்று அம்மா நினைத்தார். அது ஒருவகைப் பாசி. முழங்கால் வலியைப் பற்றிய பேச்சும், பாறையில் கிடந்து ஓயாமல் குரைத்த கடற்சிங்கங்களைப் பற்றிய பேச்சுமாக அந்தப் பகுதி கழிந்தது. அப்பா மட்டும் பேசவில்லை.

அவர் வாய் திறந்தது திமிங்கல வேட்டைக்காரர்களின் குடில் என்று அழைக்கப்படும் பழைய மரவீட்டில்தான். 1850களில் சீன மீனவர்கள் கட்டியது. தரைப் பலகைகளுக்குக் கீழே கல்லோடு கல்லாகத் திமிங்கலத்தின் முதுகெலும்புகளையும் முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது அது சிறு அருங்காட்சியகம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொடானி கென்னோசுகே என்ற ஜப்பானியர் இங்கே அபலோன் தொழில் தொடங்கியதும், தன் ஊர்ப்பக்கமான சிபாவிலிருந்து முக்குளிப்பவர்களை வரவழைத்ததும், மூச்சடக்கிக் குளித்தவர்களால் இந்தக் குளிரைத் தாங்க முடியாமல் பிறகு தலைக்கவசமும் காற்றுக்குழாயும் கொண்ட உடைக்கு மாறியதும் ஆகிய கதையை நான் சொல்லச் சொல்ல, அப்பாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. எத்தனை பாகம் ஆழம்? அடியில் மணலா, பாறைத் திட்டான பாரா? கயிற்றை மேலே யார் பிடிப்பார்கள்? நம் ஊரில் மைத்துனன் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள், தங்கச்சி தாலியை அறுக்கமாட்டான் என்ற நம்பிக்கை என்றார். 1961 முத்துச் சலாபத்தின்போது, அதாவது முத்துக்குளிப்பு நடந்தபோது, அவர் சிறுவன். முத்துக்காகக் குவித்து அழுகவிட்ட சிப்பிகளின் நாற்றம்தான் தனக்கு முதலில் நினைவுக்கு வருவது என்று அவர் விவரிக்கத் தொடங்க, பக்கத்தில் நின்ற குடும்பத்தார் ஏனோ சற்று விலகிப்போனார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கைகளாலேயே நாற்றத்தைக் காட்டக்கூடியவர் அப்பா.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்பதற்கான விடையும் அங்கேயேதான் இருக்கிறது. முதலில் ரோமத்துக்காகக் கடல் நீர்நாயை ஏறக்குறைய ஒழித்தார்கள்; தின்பதற்கு நீர்நாய் இல்லாமல் அபலோன் பெருகியது; பிறகு அதையும் அள்ளினார்கள். 1997இல் கலிஃபோர்னியா முழுவதும் வணிகத்துக்காக அபலோன் எடுப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. நமக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. கடல்சார் தேசியப் பூங்காவாக அது 1986இல் அறிவிக்கப்பட்டபோது தோண்டவேண்டிய அளவு தோண்டியாகிவிட்டது. நியாயமெல்லாம் எனக்கு விளங்குகிறது. இருந்தாலும் கப்பல் கப்பலாக அள்ளிச் சென்றவர்களின் கடனை, சட்டைப் பையில் ஒரே ஒரு சோழி கேட்கும் குழந்தைகளிடம் வசூலிக்கிறார்கள் என்ற மனத்தாங்கல் எனக்கு நீங்கவில்லை.

குடிலின் பொறுப்பிலிருந்த முதியவரிடம், எங்கள் ஊரிலும் சட்டம் உண்டு என்று சொல்லும்படி அப்பா பேத்தியை ஏவினார். குறுக்களவு 2¼ அங்குலத்துக்குக் குறைந்த சங்கு வலம்புரியாகவே இருந்தாலும் உயிரோடு கடலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அவர் சொல்ல, அவள் மொழிபெயர்த்தாள். வலம்புரி கிடைத்தவன் அளவுகோலைத் தேடியிருப்பானா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் முதியவர் உண்மையான ஆர்வத்தோடு எப்படி அளப்பீர்கள் என்று கேட்டார். அப்பா கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்துக் காட்டி, பிறகு அரை இழை குறைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் மான்டரி படகுத்துறைக் கடை ஒன்றில், கூடை நிறையச் சிப்பிகளும் சங்குகளும் விலைச்சீட்டோடு இருந்தன. மகள் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். அப்பா விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, “நம்ம குடும்பத்துல காசு குடுத்துச் சிப்பி வாங்குன மொத ஆளா நீ இருக்க வேண்டாம்ட்டி” என்று அதை வாங்கிக் கூடையில் வைத்தார். அடுத்த தடவை வரும்போது ஒரு பை நிறையக் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். விமான நிலையச் சுங்கத்தில் அதற்கு என்ன சொல்வார்கள் என்று விசாரித்து வைக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.