மெஸ்காரர் பார்த்த நியூயார்க்

ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக்காட்ட என்னிடம் ஒரு வழக்கமான பட்டியல் உண்டு. சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் ஸ்கொயர், புரூக்ளின் பாலம். மாமாவிடம் அது எடுபடவில்லை. மதுரையில் காலமெல்லாம் மெஸ் நடத்திவிட்டு, இப்போதுதான் கல்லாச் சாவியை மகனிடம் கொடுத்திருப்பவர். சிலையைப் படகிலிருந்து பார்த்தார். "பெருசாத்தான் இருக்கு" என்றார். படகு திரும்புவதற்குள், "இங்க ஓட்டல்காரன்லாம் எப்படிப் பொழைக்கிறான்? அதைக் காட்டு மாப்ள" என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் நாங்கள் பார்த்ததெல்லாம் ஓட்டல்கள்தான். சிலவற்றில் சாப்பிட்டோம். மற்றவற்றில் மாமா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு டேபிள்களை எண்ணினார். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாவம், நகரசபை அதிகாரி என்று நினைத்திருப்பார்கள்.

அவர் கண்ணில் முதலில் பட்டது வாசலில் ஒட்டியிருந்த நீல நிற 'ஏ'. இங்கே சுகாதாரத் துறை சோதனைக்கு வந்து ஓட்டலுக்கு மார்க் போடும், அதை எல்லோருக்கும் தெரியும்படி வாசலில் ஒட்ட வேண்டும், 2010-லிருந்து இப்படித்தான் என்று விளக்கினேன். இதில் மார்க் குறையக் குறைய நல்லது. எலிப் புழுக்கைக்கு இத்தனை, சூடாக இருக்க வேண்டிய பண்டம் ஆறிக் கிடந்தால் இத்தனை என்று குற்றத்துக்குத்தான் புள்ளி. 13 வரை 'ஏ', 14-லிருந்து 27 வரை 'பி', அதற்கு மேல் 'சி'.

மாமா சற்று நேரம் யோசித்தார். எந்த வருஷத்து அடுப்படி ஞாபகத்துக்கு வந்ததோ தெரியவில்லை.

"நம்ம ஊருக்கு இங்கிலீசு 26 எழுத்து பத்தாது மாப்ள. தமிழ்ல 247 இருக்கு, அதுல போட்டாத்தான் சரிப்படும்."

கிரேடு பிடிக்காத முதலாளி முறையீடு செய்யலாம், அது முடியும்வரை 'கிரேடு பெண்டிங்' என்ற அட்டையை மாட்டிக்கொள்ளலாம் என்றும் சொல்லி வைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த அட்டையைத்தான் அவர் பக்திப் பரவசத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் ஈஸ்ட் வில்லேஜ் பக்கம் சாப்பிடப் போனோம். அத்தையும் என் மனைவியும் கடைவீதியிலிருந்து நேராக வருவதாக ஏற்பாடு. ஓட்டலில் பாதி டேபிள் காலி. ஆனாலும் வாசலில் நின்ற பெண், நான்கு பேரும் வந்தால்தான் உட்கார வைப்பேன் என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார். இந்த ஊரில் இது சர்வசாதாரணம். எனக்கு எரிச்சல். மாமாவுக்கோ புல்லரித்துவிட்டது.

"சரியாத்தானய்யா சொல்லுது அந்தப் புள்ள! ரெண்டு பேரு நாலு சீட்டப் பிடிச்சு உக்காந்து, தண்ணியக் குடிச்சுக்கிட்டே வழியப் பாத்துக்கிட்டு இருந்தா ஏவாரம் என்னத்துக்கு ஆகும்?"

பெண்கள் வந்தார்கள், உட்கார்ந்தோம். பனி கொட்டுகிற நாளில் ஐஸ் மிதக்கும் தண்ணீர் வந்தது. சீரகத் தண்ணீர் கேட்கப் போன மாமாவை அத்தை முழங்கையால் அடக்கினார். டேபிள் ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் உங்களுக்கு என்று சர்வர் பணிவாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்ததும் மாமாவுக்கு அந்த ஓட்டல் மேல் இருந்த மரியாதை பாதியாகிவிட்டது. "ஒன்றரை மணி நேரமா? அதுக்குள்ள நான் நாலு பந்தி எந்திரிக்க வச்சிருவேன்."

அவர் மனசைக் கொள்ளை கொண்டது ஹூஸ்டன் தெருவில் இருக்கும் கேட்ஸ் டெலிதான். 1888-லிருந்து நடக்கும் யூதர் சாப்பாட்டுக் கடை. உலகமே அங்கே பஸ்ட்ராமி என்ற மாட்டுக்கறி சாண்ட்விச்சுக்காகப் போகிறது. மாமா போனது டிக்கெட்டுக்காக. நுழையும்போதே தலைக்கு ஒரு டிக்கெட் கொடுத்துவிடுவார்கள். எந்தக் கவுன்ட்டரில் எது வாங்கினாலும் அதில் எழுதுவார்கள். வெளியே போகும்போது அதைக் காட்டிக் காசு கட்ட வேண்டும். தொலைத்துவிட்டால் 50 டாலர் தண்டம்.

"ஒண்ணுமே சாப்பிடலைன்னா?"

"வெறும் டிக்கெட்டைக் காட்டணும் மாமா."

"அப்பாடி! ஒரு வடை தப்பிக்க முடியாது!"

அவர் மெஸ்ஸில் கணக்கில் வராமல் போன ஆம்லெட்டுகளின் சோகம் அந்த ஒரு மூச்சில் வெளியே வந்தது. டிக்கெட்டை அண்ட்ராயர் பைக்குள் பத்திரப்படுத்திவிட்டார். கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் அது வெளியே வர வேண்டும் என்பதை நான் எடுத்துச் சொல்வதற்குள் காரியம் முடிந்திருந்தது.

மாடு சாப்பிட மாட்டார் என்பதால் வான்கோழி சாண்ட்விச் வாங்கினோம். ரொட்டி விரல் கனம், கறி அரைச் சாண் உயரம். பார்த்ததும் முதலாளி மனசு பதறியது: "இப்படி அடுக்கினா எப்படிக் கட்டும்?" விலைப் பலகையைக் காட்டினேன். "கட்டும்" என்றார்.

நல்ல கூட்டம். உட்கார இடமில்லை. நான் ஊறுகாய்த் தட்டோடு திரும்பிப் பார்க்கிறேன், மாமா மதுரை முறைப்படி ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதியின் நாற்காலிக்குப் பின்னால் போய்க் கைகட்டி நின்றுகொண்டிருக்கிறார். அந்தம்மா திரும்பி ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். "இருக்கட்டும்மா, நீங்க நிதானமாச் சாப்பிடுங்க" என்றார் மாமா, தெளிவான தமிழில். அப்படி ஒருவர் தலைக்கு மேல் நின்றுகொண்டு நிதானமாகச் சாப்பிடச் சொன்னால் யாருக்கு இறங்கும்? மிச்சத்தைப் பார்சல் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். "பாத்தியா, சீட்டு எப்படிக் கெடைக்குதுன்னு" என்றபடி கால் நீட்டி உட்கார்ந்தார்.

மறுநாள் காலை பேகல், அதாவது நடுவில் ஓட்டை வைத்த கெட்டி வட்ட ரொட்டி. எனக்கு வெட்டி, சுட்டு, உள்ளே சீஸ் தடவியது. அவருக்கு வெறும் முழு பேகல். பில்லைப் பார்த்தவர் புருவத்தைத் தூக்கினார். என்னுடையதற்கு வரி இருக்கிறது, அவருடையதற்கு இல்லை. நியூயார்க் சட்டம் அப்படி. வெட்டாத பேகலை வாங்கிக்கொண்டு போனால் அது மளிகைச் சாமான். கடைக்காரர் கத்தியை வைத்தால் அது தயாரித்த உணவு, 8.875 சதவீதம் விற்பனை வரி விழும்.

"2024-ல நம்ம கோயம்புத்தூர்ல ஓட்டல்காரர் ஒருத்தர் நிதியமைச்சரையே கேட்டாரே, பன்னுக்கு வரி இல்ல, உள்ள தடவுற கிரீமுக்கு 18 சதவீதம்னு! அந்தப் பன்னு இங்கயும் வந்துருச்சா?"

அதிலிருந்து மாமா முழு பேகலைத் தவிர எதையும் தொடவில்லை. பார்க் பெஞ்சில் உட்கார்ந்து, அரசாங்கத்தை ஏமாற்றிய திருப்தியோடு கையாலேயே பிய்ப்பார். பேகல் லேசில் பியாது. இரண்டு டாலர் பேகலில் 18 சென்ட் மிச்சம் பிடிக்கப் போய்ப் பல்செட்டு ஆட்டம் கண்டதுதான் பலன் என்று அத்தைக்கு எண்ணம்.

கிரீனிச் அவென்யூவில் 'செம்ம' என்ற தென்னிந்திய ஓட்டலையும் வெளியிலிருந்து காட்டினேன். அதன் சமையல் தலைவர் விஜய் குமார் மதுரைப் பக்கத்து நத்தம்காரர், 2022-ல் ஓட்டலுக்கு மிஷலின் நட்சத்திரமும் 2025-ல் அவருக்கு அமெரிக்கச் சமையல்காரர்களின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்டும் வந்தன என்றதும், "நம்ம நத்தமா!" என்று மாமாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மெனுவில் நத்தை பிரட்டல் இருக்கிறது என்றதும் நிமிர்ந்த நெஞ்சு யோசனையில் ஆழ்ந்தது. "வயக்காட்டுல பொறுக்குற நத்தையவா? டாலருக்கா?" இந்த நகரத்தில் பேர்போன ஓட்டல்களின் ரிசர்வேஷனையே வாங்கி வைத்து விற்கிற வியாபாரம் நடந்தது, அதைத் தடுக்க 2024 டிசம்பரில் மாநிலச் சட்டமே வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். காதில் விழவில்லை. நத்தம் கண்மாயில் நத்தை என்ன விலை போகும் என்று விசாரிக்க யாருக்கு போன் போடலாம் என்பதிலேயே இருந்தார்.

கடைசியாக டிப்ஸ். பில்லின் அடியில் 18, 20, 22 என்று சதவீதம் அச்சடித்திருந்ததைப் பார்த்து இது என்ன, இன்னொரு வரியா என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான். போட்டிருக்கிற வரியை இரண்டால் பெருக்கி வைத்துவிடு என்பது பழைய நியூயார்க்காரர்களின் கணக்கு. மாமா கொதிப்பார் என்று எதிர்பார்த்து, முழு விவரத்தையும் சொன்னேன். 2025-ல் இந்த நகரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். ஆனால் ஓட்டல் முதலாளி சர்வருக்கு 11 டாலர் கொடுத்தால் போதும், மீதி 5.50 டிப்ஸில் வந்துவிடும் என்று கணக்கு. வராவிட்டால்தான் முதலாளி ஈடுகட்ட வேண்டும்.

"அப்ப... சப்ளையர் சம்பளத்துல மூணுல ஒரு பங்கைச் சாப்பிட வந்தவனே குடுத்துட்டுப் போறான்?"

"ஆமா மாமா."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். 'ஷேக் ஷாக்' பர்கர் கடைகளால் புகழ்பெற்ற ஓட்டல் முதலாளி டேனி மேயர் 2015-ல் தன் ஓட்டல்களில் டிப்ஸை ஒழித்து, அதையும் விலையிலேயே சேர்த்துப் பார்த்தார், 2020-ல் மறுபடி டிப்ஸுக்கே திரும்பிவிட்டார் என்றேன். "அஞ்சு வருஷம் தாங்கினாரா? நல்ல மனுசன்" என்று பரிதாபப்பட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மகனுக்கு போன் போட்டார். அங்கே விடிகாலை. ஸ்பீக்கரில்தான் பேசுவார், அதனால் எங்களுக்கும் கேட்டது.

"டேய், நாளையிலருந்து பில்லுக்கு அடியில 18, 20, 22ன்னு அடிக்கச் சொல்லு. சப்ளையர் பயலுக சம்பளத்துல மூணுல ஒரு பங்கு மிச்சம்டா!"

அந்தப் பக்கம் கொட்டாவி.

"ப்பா, கல்லாவுக்கு மேல ஒரு போர்டு இருக்குல்ல, 'சப்ளையர்களுக்கு இனாம் கொடுப்பவர்களுக்கு இனி சாப்பாடு கிடையாது'ன்னு. அதை யாரு எழுதி மாட்டுனது?"

மாமா போனைக் காதிலிருந்து எடுத்து, திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"டவர் கெடைக்கல மாப்ள."