தெருவுக்கு வந்த பணம் வீட்டுக்குள் வரவில்லை

நான் வசிக்கும் அமெரிக்க நகரத்தின் அடுத்த ஆண்டுச் செயல்திட்ட வரைவு அண்மையில் வெளியானது. கூட்டாட்சி அரசு தரும் சமுதாய வளர்ச்சி மானியத்தை, இங்கே எல்லோரும் சிடிபிஜி என்று சொல்லும் அந்தப் பணத்தை, எந்தெந்த வேலைகளுக்குச் செலவிடுவது என்று நகராட்சி அறிவிக்கும் ஆவணம் அது. வழக்கம்போல் இம்முறையும் பெரும்பங்கு நடைபாதைகளுக்கும் பூங்காக்களுக்கும் போயிருக்கிறது. பழுதடைந்த வீடுகளைச் சீர்செய்யும் திட்டத்துக்கு மிஞ்சியதுதான் கிடைத்திருக்கிறது. இதில் விதிமீறல் எதுவும் இல்லை. விதிகளே நகரங்களை இந்தப் பக்கம் தள்ளுகின்றன என்பதுதான் என் வருத்தம்.

1974 ஆகஸ்டில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட வீட்டுவசதி, சமுதாய வளர்ச்சிச் சட்டம், அதுவரை தனித்தனியாக நடந்துவந்த நகர்ப்புறச் சீரமைப்பு, மாதிரி நகரங்கள் முதலிய திட்டங்களை ஒன்றாக்கி, ஒரே தொகுப்பு மானியமாக நகரங்களின் கையில் கொடுத்தது. எது தேவை என்பதை வாஷிங்டனைவிட உள்ளூர்க்காரர்கள் நன்கு அறிவார்கள் என்பது அதன் அடிப்படை. அந்தச் சுதந்திரத்துக்குப் பின்னாளில் ஒரு நிபந்தனையும் சேர்ந்தது: நகரம் தேர்ந்துகொள்ளும் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையிலான காலத்தில், செலவில் குறைந்தது 70 சதவீதம், வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் ஈட்டும் தொகையில்) 80 சதவீதத்தைத் தாண்டாத குடும்பங்களுக்குப் பயன்பட வேண்டும்.

பயன்பட்டது என்பதை எப்படி நிரூபிப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு பகுதியில் வசிப்போரில் 51 சதவீதத்தினர் அந்த வருமான வரம்புக்குள் இருந்தால், அங்கே போடும் நடைபாதை, தெருவிளக்கு, பூங்கா ஆகியவற்றின் முழுச் செலவும் பொதுவாக ஏழைகளுக்குச் செய்த செலவாகவே கணக்கில் ஏறும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தரவை வைத்து வரைபடத்தில் அந்தப் பகுதி நிறமிடப்பட்டிருந்தால் போதும். அந்தப் பூங்காவுக்கு யார் வருகிறார்கள் என்று பிறகு யாரும் கேட்பதில்லை.

இதற்கு நேர்மாறாக, ஒரு வீட்டின் கூரையைப் பழுதுபார்க்க எத்தனை படிகள் ஏற வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் குடும்பத்தின் வருமானத்தைச் சான்றுகளுடன் சரிபார்க்க வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வு முடிய வேண்டும். வீடு 1978-க்கு முன் கட்டப்பட்டதென்றால் உடலுக்குக் கேடான ஈயம் கலந்த பெயின்ட் பற்றிய விதிகள் குறுக்கே வரும். சீரமைப்புச் செலவு 5,000 டாலரைத் தாண்டினால் அபாய மதிப்பீடு, 25,000 டாலரைத் தாண்டினால் ஈய அபாயத்தை முற்றிலும் நீக்கும் பணி. ஏழைப் பகுதிகளின் வீடுகளோ பெரும்பாலும் பழையவை. இவ்வளவுக்கும் பிறகு பல நகரங்கள் அந்த உதவியை வீட்டின் மேல் ஒரு கடன் பொறுப்பாகப் பதிவு செய்கின்றன. குறிப்பிட்ட காலம் அங்கேயே வசித்தால் தள்ளுபடியாகும் கடன்தான் என்றாலும், கணவரை இழந்து தனியாக வாழும் என் அண்டை வீட்டு மூதாட்டி அந்தத் தாளைப் பார்த்ததும் கையெழுத்திட மறுத்துவிட்டார். வீட்டைப் பறிகொடுத்தவர்களைக் கண்ணால் கண்டவருக்கு அந்த அச்சம் வருவது இயல்பே. இன்று அவர் வீட்டு வாசலுக்கு எதிரே, சக்கர நாற்காலி இறங்கச் சரிவும் பார்வையற்றோருக்கான மஞ்சள் புடைப்புத் தகடும் பதித்த புத்தம் புதிய நடைபாதை இருக்கிறது. அவருடைய கூரையில் ஒழுகும் இடத்தை நீலத் தார்ப்பாய் மூடியிருக்கிறது.

அந்தச் சரிவும் தகடும் வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் நடுச்சாலையில் போனவர்களை இதே தெருவில் பார்த்திருக்கிறேன். ஆனால் அது நகராட்சி தன் சொந்த வரிப்பணத்தில் எல்லாத் தெருக்களுக்கும் செய்துதர வேண்டிய வேலை. வசதியானவர்களின் தெருவுக்குப் பொது நிதியிலும் ஏழைகளின் தெருவுக்கு ஏழைகளுக்கான மானியத்திலும் நடைபாதை போட்டால், அந்த மானியத்தால் ஏழைகளுக்குக் கூடுதலாகக் கிடைத்தது என்ன?

காலக்கெடு இன்னொரு அழுத்தம். திட்ட ஆண்டு முடிய 60 நாட்கள் இருக்கும்போது, செலவாகாமல் கிடக்கும் தொகை ஓராண்டு மானியத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. பணம் தூங்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் நெருக்கடி வரும்போது விரைவாகச் செலவழிக்கத் தோதானது ஒரே ஒப்பந்தத்தில் முடியும் கான்கிரீட் வேலை. ஆளுக்கொரு கோப்பாக நகரும் வீட்டுப் பழுது அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

வேறு வழி இல்லாமல் இல்லை. நியூயார்க் நகரம் தன் மானியத்தில் பெரும்பகுதியை வாடகைக் குடியிருப்புகளின் விதிமீறல்களைக் கண்காணிக்கச் செலவிடுகிறது: வெப்ப வசதி கிடைக்காத குடியிருப்பாளர் புகார் செய்தால் ஆய்வாளர் வருகிறார், உரிமையாளர் சரிசெய்யாவிட்டால் நகரமே அவசரப் பழுதைச் செய்துவிட்டு அவரிடம் பணத்தை வசூலிக்கிறது. ஏழைகளில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள் என்பதால் இதை நான் மிகவும் மதிக்கிறேன். அதே மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டர் மாவட்டமோ, வீட்டுவசதியில் இனப் பாகுபாட்டைக் களைவதாகச் சான்றளித்து மானியம் பெற்றுவிட்டு அதற்கான ஆய்வில் இனப் பாகுபாட்டைக் கருத்தில்கூடக் கொள்ளவில்லை என்ற வழக்கில், 2009-ல் 750 மலிவு விலை வீடுகளுக்கு வழிசெய்ய ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. அந்த வழக்கைத் தொடுத்தது அரசு அல்ல, ஒரு சிறு தன்னார்வ அமைப்பு.

செயல்திட்ட வரைவின்மீது கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்குக் குறைந்தது 30 நாட்கள் தர வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும், ஏற்காதவற்றுக்கான காரணத்தையும் இறுதித் திட்டத்துடன் நகரம் இணைத்தாக வேண்டும். நூலக அறையில் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆட்களைவிட நாற்காலிகள்தான் அதிகம் இருக்கும். ஆனால் எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லாமல் நகராட்சி தப்ப முடியாது. நடைபாதைச் செலவைப் பொது நிதிக்கு மாற்ற வேண்டும் என்றும், பழுதுபார்ப்பு உதவியில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை கடன் பதிவு இல்லாமல் நேரடி மானியமாகத் தர வேண்டும் என்றும் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூதாட்டியின் தெருவில் இருப்பவர்கள் சிலரும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.