பத்திரம் கிடையாது, ஷேர்தான்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கின் மன்ஹாட்டனில், அப்பர் ஈஸ்ட் சைடு பகுதியில், விற்பனைக்கு வந்த ஒரு ஸ்டுடியோவை, அதாவது ஒற்றை அறை வீட்டை, பார்க்கப் போயிருந்தேன். 83ஆம் தெரு, இரண்டாவது அவென்யூவுக்குப் பக்கத்தில். 1960களில் கட்டிய வெள்ளைச் செங்கல் கட்டடம், ஆறாவது மாடி, பின்பக்கம். 2017 புத்தாண்டு அன்று க்யூ சுரங்க ரயில் இந்தப் பக்கம் ஓடத் தொடங்கும் வரை இங்கே இருந்தவர்கள் லெக்சிங்டன் அவென்யூ வரை நடந்து போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். இப்போது 86ஆம் தெரு ஸ்டேஷன் நாலு நிமிட நடை. ஒரே அறைதான், ஆனால் கட்டில் போட ஒரு மூலை தனியாக ஒதுங்கி இருக்கிறது, ஜன்னல் பெரியது, தெருச் சத்தம் சுத்தமாகக் கேட்கவில்லை. பார்த்ததும் பிடித்துவிட்டது.

கேட்கும் விலை 4,15,000 டாலர். கட்டடத்துக்கு மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸ் 1,180.

அன்று இரவே அம்மாவிடம் சொன்னேன். அவள் விலையைக் கேட்கவில்லை, "பத்திரம் உன் பேர்லதானே வரும்?" என்றுதான் கேட்டாள்.

"பத்திரமே வராதும்மா. ஷேர்தான் தருவாங்க."

"அப்ப எதை நம்பி இவ்வளவு பணத்தைக் கொட்டப் போற?"

இந்த ஊரில் கோ-ஆப் என்கிற இந்த மாதிரி வீடு வாங்கப் போகிற எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நான் கேட்காமலேயே ஜன்னலைப் பார்த்து மயங்கி நின்றுவிட்டேன்.

விஷயம் இதுதான். காண்டோ வாங்கினால் அந்த வீடு உங்கள் சொத்து, பத்திரம் உண்டு. கோ-ஆப்பில் கட்டடம் முழுவதும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நீங்கள் வாங்குவது அந்தக் கம்பெனியின் பங்குகளை. நான் பார்த்த ஸ்டுடியோவுக்கு 240 ஷேர், மொத்தக் கட்டடத்துக்கும் 28,000. அந்தப் பங்குகளோடு, குறிப்பிட்ட இந்த வீட்டில் குடியிருக்கலாம் என்று ஒரு குத்தகை ஒப்பந்தம் தருவார்கள். அவ்வளவுதான். சட்டப்படி இது நிலபுலன் கணக்கில் வராது என்பதால் ஒரு லாபமும் உண்டு, காண்டோவுக்குக் கடன் வாங்கினால் கட்ட வேண்டிய கடன் பதிவு வரி இதற்குக் கிடையாது. நியூயார்க் நகரில் 5 லட்சம் டாலருக்குக் குறைந்த கடனுக்கு வாங்குபவர் பங்கு 1.8 சதவீதம், என் கணக்கில் கிட்டத்தட்ட 6,000 டாலர் மிச்சம். விலையும் அதே தெருவில் காண்டோவைவிடப் பொதுவாகக் குறைவாகத்தான் இருக்கும்.

ஆனால் கம்பெனி என்றால் போர்டு, அதாவது நிர்வாகக் குழு, உண்டு, அந்தப் போர்டு சம்மதித்தால்தான் உள்ளே போக முடியும். வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, சம்பளக் கடிதம் எல்லாம் கொடுத்து, இவர் நல்லவர் என்று நாலு பேரிடம் கடிதம் வாங்கிக் கட்டி, கடைசியில் நேரில் போய் உட்கார வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நினைத்தால் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இனம், மதம், பிறந்த நாடு போன்றவற்றுக்காக மறுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் காரணமே சொல்லாதபோது எதை வைத்து நிரூபிப்பது? 1979இல் முன்னாள் ஜனாதிபதி நிக்சன் இதே பகுதியில் கிழக்கு 72ஆம் தெருவில் ஒரு வீடு வாங்கப் போனபோது அங்கே குடியிருந்தவர்கள் எதிர்த்ததால் பேரமே முறிந்துபோனது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் டவுன் பேமென்ட் மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 20 சதவீதம் என்றால் 83,000. மீதி 3,32,000க்கு 6.75 சதவீத வட்டியில் 30 வருடக் கடன் என்றால் மாதம் சுமார் 2,153, மெயின்டனன்ஸும் சேர்த்து 3,333. இந்தப் போர்டு என்ன கேட்கிறது என்றால், வீட்டை வாங்கி முடித்த பிறகும் இரண்டு வருடச் செலவு, அதாவது 80,000 டாலர், கையில் ரொக்கமாக இருக்க வேண்டும், மாதச் செலவு வருமானத்தில் 28 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு வருடம் ஏறக்குறைய 1,43,000 சம்பாதிக்க வேண்டும். ஒரே ஒரு அறைக்கு! எனக்கு எப்படியோ பொருந்தி வந்தது, இத்தனை வருடச் சேமிப்பு முழுவதும் இதற்கே போகும்.

சரி, இனி முக்கியமான பகுதி. என் வக்கீல் போர்டு கூட்டங்களின் மினிட்ஸை, அதாவது கூட்டத்தில் பேசியதை எழுதி வைத்த பதிவை, வாங்கிப் படித்தார். பிறகு நானும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அவருடைய குறிப்புகளைப் படித்தேன். லிஃப்ட், எலி, யாரோ ஒருவருடைய நாய் என்று நிறைய இருந்தது. நடுவில் இரண்டு விஷயம்.

ஒன்று, முகப்பு வேலை. ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிச்சுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது இந்த நகரச் சட்டம். அந்தக் காலத்து வெள்ளைச் செங்கல் பளபளப்பாக மெருகு ஏற்றியது, உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் குளிரில் உறைந்து செங்கல்லைப் பிளக்கும். இங்கேயும் அதுதான் நடந்திருக்கிறது. செலவுக்கு ஷேருக்கு 35 டாலர் அசெஸ்மென்ட், அதாவது மெயின்டனன்ஸுக்கு மேல் தனி வசூல், போட முடிவு செய்திருக்கிறார்கள், என் பங்கு 8,400. ப்ரோக்கர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இரண்டாவது, கட்டடத்தின் மேலேயே ஒரு கடன் இருக்கிறது. வட்டி குறைவாக இருந்த காலத்தில் வாங்கியது, அடுத்த வருடம் கெடு முடிகிறது. புதுக் கடன் இப்போதைய வட்டிக்குத்தான் கிடைக்கும், அந்த வட்டியும் எங்கள் மெயின்டனன்ஸிலிருந்துதான் போகும், அப்போது 1,180 நிற்காது. இது விளம்பரத்தில் எங்கேயும் வராது. மெயின்டனன்ஸ் குறைவு என்று சந்தோஷப்படுவதற்கு முன் அந்தக் கடன் எவ்வளவு, எப்போது முடிகிறது என்று தயவுசெய்து கேளுங்கள். நிலம் கட்டடத்துக்குச் சொந்தமா, குத்தகையா என்றும் கேளுங்கள். பல இடங்களில் விலை ஆச்சரியமாகக் குறைந்திருப்பதற்கு நிலக் குத்தகைதான் காரணம்.

அப்புறம் நேரில் பார்க்க வேண்டியவை. இரண்டாம் முறை போனபோது அடுப்புக்கு மேலே இருந்த ஃபேனைப் போட்டு ஒரு டிஷ்யூ காகிதத்தைப் பிடித்துப் பார்த்தேன். காகிதம் மேலே ஒட்டியது, ஆனால் காற்று முன்பக்கச் சல்லடை வழியாக என் முகத்திலேயே அடித்தது. வெளியே போகும் குழாயே இல்லை. கடுகு, மிளகாய் தாளித்தால் நெடி அந்த ஒரே அறையில்தான் சுற்றும், கட்டில் அடுப்பிலிருந்து பதினாலு அடி. ஜன்னலைத் திறந்து பார்த்தேன், நன்றாகத் திறக்கிறது, காற்று இழுக்கிறது. சமாளிக்கலாம். தரையில் 80 சதவீதம் கம்பளம் விரிக்க வேண்டும், வீட்டுக்குள் வாஷிங் மெஷின் வைக்கக் கூடாது என்பதெல்லாம் விதிமுறைப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை, கீழ்வீட்டுக்காரர் தலைமேல் நான் நடக்கப் போகிறேன், அவருக்கும் தூக்கம் வேண்டும்.

அந்த வீடு எனக்கு இன்னமும் பிடித்திருக்கிறது. 8,400ஐ விற்பவரே கட்ட வேண்டும், விலையில் 15,000 குறைக்க வேண்டும் என்று வக்கீல் மூலம் எழுதி அனுப்பி ஆறு நாளாகிறது. பதில் இல்லை. அம்மா இப்போது பத்திரத்தைப் பற்றிக் கேட்பதில்லை, "புது மினிட்ஸ் ஏதாச்சும் வந்துச்சா?" என்கிறாள்.